இரண்டாம் கவுன்ட்டரில் படம் எடுத்தால் வேலை நிச்சயம்

ஓவர்டைக்கில் ஒரு வதந்தி பிறந்தால் முதலில் தானியக் கிடங்கின் காபி மேசையில் வந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் கீழ்த்தளத்தில் ஹாம் வைத்த பன்னோடு சேர்த்துப் பரிமாறப்படும். அதன் பிறகும் தெம்பிருந்தால்தான் மாவட்ட எல்லையைத் தாண்டும். போன மே மாதம் கிளம்பிய வதந்தி ஒரே வாரத்தில் எல்லையைத் தாண்டிவிட்டது.

"கோர்ட் கட்டடத்துல லைசென்ஸ் ஆபீஸ் இருக்குல்ல? அங்க ரெண்டாம் நம்பர் கவுன்ட்டர்ல படம் எடுத்துக்கிட்ட பொண்ணுங்களுக்கெல்லாம் வேலை கெடைச்சுடுதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் என்றால் ஓவர்டைக்கில் நான்கு பேர். அதில் முதல் ஆள் போஸ்ட்மா வீட்டு அம்மாள். தன் மகள் மரேனுக்குக் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை கிடைத்த சந்தோஷத்தை அவர் நேராகச் சொல்லியிருந்தால் அது பெருமையடிப்பதாகிவிடும். டச்சு வம்சத்தார் நிறைந்த இந்த அயோவா ஊரில் பெருமையடிப்பது, பாவங்களின் பட்டியலில் திருட்டுக்கு ஒரே ஒரு படி கீழே இருக்கிறது. அதனால் அம்மாள் பெருமையைத் தூக்கி லைசென்ஸ் ஆபீஸின் தலையில் வைத்துவிட்டார். "எங்க மரேன்கிட்ட என்ன இருக்கு? எல்லாம் அந்தப் படம் செஞ்ச வேலை."

வதந்தியை அப்படியே விட்டுவிட முடியாது. விசாரித்துப் பார்க்க வேண்டும். விசாரித்ததில் அந்தக் கவுன்ட்டரில் படம் எடுத்து வேலைக்கு மனுப் போட்ட பெண்கள் மொத்தம் பதினொரு பேர். ஏழு பேருக்கு வேலை கிடைத்திருந்தது. இதைக் கேட்டவுடன் வாயைப் பிளக்க வேண்டாம். அந்த ஏழு இடங்களிலும் 'ஆள் தேவை' பலகை போன சோள அறுவடையிலிருந்து தொங்கி, வெயிலில் எழுத்தே வெளுத்துப்போயிருந்தது. முதியோர் இல்லத்தில் கேட்டபோது மேலாளர் உண்மையைச் சொல்லிவிட்டார்: "மூச்சு இருந்தா போதும்னு இருந்தோம். இந்தப் பொண்ணுக்கு மூச்சோட சேத்து புத்தியும் இருந்துச்சு."

அப்படியானால் வதந்தி பொய்யா? பொய் என்று கோப்பை மூடிவிடலாம். ஒரே ஒரு கேள்விதான் கோப்பை மூடவிடாமல் பிடித்துக்கொண்டது. பலகைகள் மாதக்கணக்கில் தொங்கியபோது இந்த ஏழு பேரும் எங்கே போயிருந்தார்கள்?

எங்கேயும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார்கள், கையில் போனோடு. வேலை தேடும் தளத்தில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெற்று வட்டம் இருக்கும். அதில் படம் போட வேண்டும். கட்டாயமில்லைதான். ஆனால் படமில்லாத வட்டத்தில் ஒரு சாம்பல் நிறத் தலை தெரியும், இறந்துபோனவர் மாதிரி. மரேன் அந்த வட்டத்துக்காக இருநூற்றுப் பன்னிரண்டு செல்ஃபி எடுத்தாள். தொழுவத்தில், காருக்குள், குளியலறை வெளிச்சத்தில், உதட்டைக் குவித்து, கன்னத்தை உறிஞ்சி, தலையைச் சாய்த்து. சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பாள். கடைசியில் ஒன்று மிஞ்சும். காலையில் அதையும் அழிப்பாள். மனு அனுப்பாமலே நாள் போகும்.

ஊர் நூலகத்தில் இதற்கென்றே ஒரு வகுப்பும் நடந்தது. மாநிலத் தலைநகர் டிமாய்னிலிருந்து வந்த தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் தலைக்கு எழுபத்தொன்பது டாலர் வாங்கிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து "நான் ஒரு சக்தி" என்று உரக்கச் சொல்லச் சொன்னார். ஓவர்டைக்குப் பெண்கள் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிறவர்கள். வந்திருந்த பதினான்கு பேரும் கண்ணாடியைப் பார்த்து, தரையைப் பார்த்து, கடைசியில் மன்னிப்புக் கேட்கிற குரலில் "சக்தி" என்றார்கள். பயிற்சியாளர் அன்று மாலையே கிளம்பிவிட்டார்.

ஆக, விசாரணை இரண்டாம் கவுன்ட்டருக்குப் பின்னால் போக வேண்டியதாயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தவள் ஜோரி ரூர்டா.

வயது இருபத்தாறு. சோளத்தாள் நிறத்தில் தலைமுடி, அதை எப்போதும் ஒரே ரப்பர் பேண்டில் அடக்கியிருப்பாள். முன்பல் ஒன்று மற்றவற்றோடு கோபித்துக்கொண்டது போல லேசாகத் திரும்பியிருக்கும். இருபது வயதில் கோடை விடுமுறைக்கு மட்டும் என்று சேர்ந்தவள், ஆறு கோடைகள் தாண்டியும் அதே நாற்காலியில் இருந்தாள். எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தப் பட்டமளிப்பு விருந்திலும், யாராவது போனைத் தூக்கியதும் "குடுங்க, நான் எடுக்குறேன்" என்று முதலில் கையை நீட்டுகிறவள் அவள்தான். ரூர்டா குடும்பத்தின் எட்டு வருஷப் படங்களைப் புரட்டினால் அவர்களுக்கு மகளே இல்லை என்று நினைக்கத் தோன்றும்.

அவள் வேலை செய்யும் விதம் இப்படி. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி முதல் லைசென்ஸ் எடுக்க வருகிறாள் என்று வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே முகத்தை மாட்டிக்கொள்வாள். தாடை இறங்கும், கழுத்து நீளும், உதடு முன்னால் வரும். அரசாங்கக் கேமராவுக்கு இதெல்லாம் ஆகாது. தலை ஒரு விரற்கடை சாய்ந்தாலும் திரையில் சிவப்புக் கட்டம் காட்டும். ஜோரி மேசை இழுப்பறையைத் திறந்து தடித்த வெள்ளைப் பெப்பர்மின்ட் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டுவாள்.

அது சாதாரண மிட்டாய் இல்லை, சர்ச் மிட்டாய். போதகர் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்ததும் ஓவர்டைக்கின் அத்தனை பெஞ்சுகளிலும் அது கைமாறும். பால்குடி மறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே பழக்கம்: மிட்டாய் வாய்க்குள் போனால் பேசக் கூடாது, கடிக்கக் கூடாது, அசையக் கூடாது, கரையும்வரை இருபது நிமிஷம் நல்ல பிள்ளையாக உட்கார வேண்டும். ஆகவே மிட்டாய் உள்ளே போன மாத்திரத்தில் குவிந்த உதடு தானாக மூடும். கழுத்து தானாகத் திரும்பி வரும். நாக்குக்கு ஒரு வேலை கிடைத்ததும் முகத்துக்கு ஓய்வு கிடைத்துவிடும்.

அப்போது ஜோரி ஒரு கேள்வி கேட்பாள். "இந்த வருஷம் உன் கையால செஞ்சதுல எது நல்லா வந்துச்சு?"

வாயில் மிட்டாய். பதில் சொல்ல முடியாது. பதில் இல்லாமலும் இருக்காது. கண்ணுக்குள் அது வந்து நிற்கும். கிளிக்.

பிறகு பதில்கள் கொட்டும். கன்று தலைகீழாக வந்தபோது கையை விட்டுத் திருப்பியதை மரேன் சொன்னாள். அப்பாவின் லாரிக்குப் பிரேக் மாற்றியதை ஒருத்தி சொன்னாள். அண்ணன் வாங்கிய கடனுக்கு வங்கிக்காரரோடு மல்லுக்கட்டி வட்டியைக் குறைத்ததை ஒருத்தி சொன்னாள். ஜோரி தட்டச்சு செய்துகொண்டே, "மாட்டு ஆஸ்பத்திரியில ஆள் தேடுறாங்களே, தெரியுமா?" என்பாள். அவ்வளவுதான். அறிவுரை கிடையாது, கைதட்டல் கிடையாது. வரிசையில் அடுத்த ஆள் காத்திருப்பார்.

பத்து நாளில் அட்டை தபாலில் வரும். பெண்கள் அந்த அட்டையைப் போனில் படம்பிடித்து, முகத்தை மட்டும் வெட்டி, வட்டத்தில் போட்டார்கள். ஒரே நீலப் பின்னணி, ஒரே அமைதி, சொல்லப்போகிற ஒரு பதில். ஜன்னல் தயாரிக்கும் ஆலையில் மனுக்களைப் பார்த்த அதிகாரி, ஐந்து அக்கா தங்கைகள் சேர்ந்து விண்ணப்பித்திருக்கிறார்களோ என்று குழம்பியதாகக் கேள்வி.

முதல் கவுன்ட்டரில் நிலைமை வேறு. அங்கே இருந்தவர் கெரிட் ஹாவமன், வயது ஐம்பத்தொன்பது, நல்ல மனுஷர், முப்பது வருஷச் சேவை. அவர் எடுத்த படத்தில் போதகரே பேங்க் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பார். படம் பிடிக்கவில்லை என்றால் ஒரே ஒரு முறை மறுபடி எடுக்கச் சொல்லலாம் என்பது விதி. கெரிட்டிடம் எல்லோரும் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். இரண்டாவது படத்தில் கொள்ளைக்காரர் பிடிபட்டிருப்பார்.

ஜோரிக்குப் பதினெட்டு வயதில் படம் எடுத்தவரும் இதே கெரிட்தான். அந்தப் படத்தை வகுப்புத் தோழி ஒருத்தி 'தேடப்படுகிறார்' என்று தலைப்புப் போட்டுப் பள்ளி முழுக்க அனுப்பினாள். எல்லோரும் சிரித்தார்கள், ஜோரிதான் அதிகமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு எந்தக் கேமராவுக்கும் முன்னால் அவள் நிற்கவில்லை. அட்டையைப் பர்ஸுக்குள் முதுகு தெரிய, திருப்பிச் செருகி வைத்தாள்.

அந்த அட்டை அப்படியே இருந்திருக்கும், ஆர்லிஸ் கைப்பர் ஓய்வு பெறாமல் இருந்திருந்தால்.

ஆர்லிஸ்தான் ஆபீஸின் தலைவி. அவர் மேசைக்கு மேல் சட்டம் போட்டு மாட்டிய பூத்தையல் ஒன்று உண்டு, பழைய டச்சுப் பழமொழி: 'சாதாரணமாக இரு, அதுவே போதுமான கிறுக்குத்தனம்.' ஜூன் மாதம் அவர் ஓய்வு பெறுவதாக அறிவித்ததும் பதவிக்கு விளம்பரம் வந்தது. மனுப் போட வெள்ளிக்கிழமை மாலை நாலரைவரை கெடு. அதே கட்டடத்தின் வரி கவுன்ட்டரிலிருந்து ப்ரென்ட் முதல் நாளே மனுப் போட்டுவிட்டான். ப்ரென்ட் கெட்டவன் இல்லை, கையில் கடிகாரம் வைத்திருப்பவன். ஒரு முகத்துக்குத் தொண்ணூறு வினாடி என்று கணக்குப் போட்டுக் காகிதத்தில் படமே வரைந்து காட்டினான். தொண்ணூறு வினாடியில் பெப்பர்மின்ட்டுக்கு இடமில்லை. கேள்விக்கு நிச்சயமாக இல்லை.

"நீ போடலையா?" என்று ஆர்லிஸ் கேட்டார்.

"நானா? நான் வெறும் கவுன்ட்டர் ஆளு."

"ப்ரென்ட் மட்டும் ஆகாசத்துலேர்ந்தா வர்றான்?"

"என்னைத் தலைவின்னா யாரு நம்புவா ஆர்லிஸ்?"

"உன் பொண்ணுங்ககிட்ட இப்படியா சொல்ற?"

பெண்களிடம் ஜோரி ஒன்றுமே சொல்வதில்லை, கேட்பதோடு சரி. அதுதான் தன் வசதி என்றும் அவளுக்குத் தெரியும். மனுவைத் திறந்து பெயர், முகவரி எல்லாம் நிரப்பினாள். 'இந்தப் பதவிக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர்?' என்ற கட்டம் வந்ததும் நிறுத்தினாள். கர்சர் பன்னிரண்டு நாள் அந்தக் கட்டத்திலேயே கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை. மூன்றரை மணி. மனுவில் அதற்கடுத்த வரியையாவது நிரப்பலாம் என்று போனாள். லைசென்ஸ் எண், காலாவதி தேதி. எண் மனப்பாடமில்லை. பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து எட்டு வருஷத்துக்குப் பிறகு திருப்பினாள். முதலில் முகத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். பிறகு தேதியைப் பார்த்தாள். மார்ச் 11. அவளுடைய பிறந்தநாள். மூன்று மாதம் கடந்திருந்தது.

ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு "அடுத்த தடவை தேதிய மறந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்புகிறவள், தொண்ணூறு நாளாக லைசென்ஸ் இல்லாமல், மாவட்டப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸ் வாசலிலேயே காரை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆர்லிஸ்," என்றாள், அட்டையை நீட்டி.

ஆர்லிஸ் வந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இறக்கிவிட்டும் பார்த்தார். "நம்ம ஆபீஸ்லயேவா?"

"ஆமா."

"தானியக் கிடங்குல தெரிஞ்சா?"

"ஆர்லிஸ், ப்ளீஸ்."

"செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாம மனுவ அந்த மிஷின் வாங்காது. ஆன்லைன்ல புதுப்பிக்கிற கெடுவும் போச்சு. நேர்லதான் எடுக்கணும். உன் படத்த நீயே எடுக்கக் கூடாது, விதி இருக்கு. பக்கத்து மாவட்டத்துக்குப் போலாம்னா..." ஆர்லிஸ் நிறுத்தினார்.

"கார் ஓட்டக் கூடாது," என்று ஜோரி முடித்தாள்.

இருவரும் மெதுவாக முதல் கவுன்ட்டர் பக்கம் திரும்பினார்கள். கெரிட் காது குடைந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு ஈ கூட இல்லை.

"வேற வழியே இல்லையா?" என்றாள் ஜோரி.

"போய் டோக்கன் எடு," என்றார் ஆர்லிஸ்.

"கெரிட் சும்மாதானே இருக்காரு?"

"எல்லாரும் டோக்கன் எடுக்குறாங்க. நீ எடுக்காம போனா, தன்னைப் பெரிய ஆளா நெனச்சுக்கிட்டான்னு சொல்வாங்க."

ஜோரி டோக்கன் எடுத்தாள். எண் எழுபத்துமூன்று. பொதுஜன நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டாம் கவுன்ட்டருக்காகக் காத்திருந்த ஐந்து பெண்கள் அவளையும், காலியான அவளுடைய இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதில் மரேன் போஸ்ட்மாவும் ஒருத்தி; தங்கையை முதல் லைசென்ஸுக்கு அழைத்து வந்திருந்தாள். மேலே மருத்துவமனைச் சட்டை, அதில் ஏதோ ஒரு பசுவின் அடையாளம்.

"நீங்க இங்க உக்காந்துட்டா அங்க யாரு?"

"லைசென்ஸ் எடுக்க வந்திருக்கேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

மரேன் யோசித்தாள். "காலாவதியா?"

"சத்தமா சொல்லாத."

"ஐயோ! எவ்ளோ நாளு?"

"மார்ச்சுலேர்ந்து."

மரேன் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு மூக்கு வழியாக வெளியேறியது. நல்ல பெண், அதனால் உடனே சரிசெய்துகொண்டாள். "எங்க ஆஸ்பத்திரி டாக்டர் நாய்க்கு ஊசி போட மறந்துட்டாங்க. அவங்க சொந்த நாய்க்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "கெரிட்கிட்டயா எடுக்கப் போறீங்க?"

"எழுபத்துமூணு!" என்று கெரிட் கூப்பிட்டார். யாரும் இல்லாத கூடத்துக்குக் கூப்பிடுவது போல, சுவரைப் பார்த்து.

ஜோரி எழுந்து போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் தெரிந்தது: ஜூரி அறையிலிருந்து கழித்துப்போட்ட நாற்காலி அது, இடுப்பு தரையைத் தொடும் அளவுக்குப் பள்ளம். எதிரே கெரிட்டின் ஸ்டூல் மச்சு மாதிரி உயரம். அண்ணாந்து பார்த்தால்தான் அவர் முகம் தெரியும்; அண்ணாந்து பார்த்தால் படத்தில் கண்ணின் வெள்ளைதான் தெரியும். தலைக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட், கறிக்கடை லைட். ஆறு வருஷமாகப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தும், பதினெட்டு வயதுக்குப் பிறகு இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

மணி நாலு அடிக்க ஏழு நிமிஷம்.

"சிரிக்காதீங்க," என்றார் கெரிட்.

"நான் சிரிக்கலையே."

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

அவளுக்கு வாய் உலர்ந்திருந்தது. "மரேன், என் டிராயர்ல ஒரு மிட்டாய் இருக்கும், எடுத்துக் குடு."

மரேன் ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்து வெறும் உறையை ஆட்டிக் காட்டினாள். "காலி!" மத்தியானம் வந்த பெண்ணுக்குக் கடைசி மிட்டாயைக் கொடுத்தது ஜோரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கெரிட் சட்டைப் பையில் கைவிட்டார். பேனா, ரசீது, மூக்குக் கண்ணாடி உறை எல்லாம் வந்தபிறகு ஒரு பெப்பர்மின்ட் சுருள் வந்தது. பாதி தீர்ந்தது, மேல் மிட்டாயில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சை ஊதிவிட்டு நீட்டினார்.

"இது ஞாயித்துக்கிழமைக்கு வெச்சது," என்றார். "எண்ணித்தான் வெச்சிருக்கேன். கடனாத்தான் தர்றேன்."

"தந்துடுறேன் கெரிட்."

மிட்டாய் வாய்க்குள் போனது. பழக்கம் தன் வேலையைச் செய்தது. தோள் இறங்கியது, நாக்கு அடங்கியது. ஆனாலும் இனி என்ன கிளிக் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வருஷமாகப் பர்ஸில் குப்புறக் கிடப்பதுதான்.

கெரிட் திரையைப் பார்த்தார். பொத்தான் மேல் விரல் வைத்தார். எடுத்தார். திரும்பி, இரண்டாம் கவுன்ட்டரில் ஆளே இல்லாத இருக்கைக்கு முன்னால் நகராமல் நின்ற ஐந்து பெண்களைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கேட்க நினைத்ததோ, அந்த நிமிஷம்தான் தோன்றியதோ, குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

"ஏம்மா ஜோரி, ஒண்ணு கேக்கவா? என் கவுன்ட்டர்ல மட்டும் ஏன் யாரும் நிக்க மாட்டேங்குறாங்க?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

ஜோரிக்குத் தெரிந்தது. முழுசாகத் தெரிந்தது. நாற்காலி தெரிந்தது, டியூப் லைட் தெரிந்தது, 'சிரிக்காதீங்க' தெரிந்தது, ஸ்டூலை எத்தனை அங்குலம் இறக்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது. எல்லாம் தொண்டைவரை வந்தது. வாயில் சர்ச் மிட்டாய். பேசக் கூடாது.

கிளிக்.

கெரிட் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இன்னொண்ணு எடுக்கணும்ல?" என்று கேட்டுக்கொண்டே அடுத்ததற்குத் தயாரானார். பின்னால் ஐந்து பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆர்லிஸ் கோப்பைப் புரட்டுவது போல நடித்தார்.

ஜோரி பார்த்தாள். மூக்கு அதே மூக்கு. முடி அதே முடி, ரப்பர் பேண்டை மீறி ஒரு கொத்து நின்றது. கறிக்கடை லைட் கன்னத்தில் தன்னால் ஆன கெடுதலைச் செய்திருந்தது. ஆனால் படத்திலிருந்த அந்தப் பெண்ணுக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஒரு புருவம் அரை அங்குலம் மேலே. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க, ஜோரியே ஒரு நிமிஷம் காத்திருந்தாள்.

மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள். "வேணாம். இதுவே இருக்கட்டும்."

"என்னது?"

"இதுவே போதும் கெரிட்."

கெரிட் பொத்தானையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கவுன்ட்டரில் மறுபடி எடுக்கச் சொல்லாமல் ஒருவர் எழுந்தது அந்த வருஷத்தில் அது இரண்டாவது முறை. முதல் ஆள் வெறும் அடையாள அட்டைக்கு வந்தவர்; அவருக்குக் கண் தெரியாது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே நீ," என்றார்.

"நாற்காலி," என்றாள் ஜோரி. "அப்புறம் இந்த லைட்டு. அப்புறம் நீங்க."

"நானா?"

"நீங்க சிரிக்காதீங்கன்னு சொல்லும்போது இதுவரைக்கும் ஒருத்தராவது சிரிச்சிருக்காங்களா?"

கெரிட் நேர்மையாக யோசித்தார். "இல்லியே."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவரு சொல்லிக்கிட்டிருந்தாரு," என்றார் கெரிட்.

படத்தோடு தற்காலிக லைசென்ஸ் தாள் அச்சாகி வந்தபோது மணி நாலு பத்து. ஜோரி தன் இடத்துக்கு ஓடினாள். எண்ணைப் போட்டாள், தேதியைப் போட்டாள். மிஞ்சியது அந்தக் கட்டம். ஏன் பொருத்தமானவர்? பன்னிரண்டு நாளாக அவளுக்குத் தோன்றியதெல்லாம் தன்னைப் பற்றியது: உழைப்பாளி, நம்பகமானவள், மக்களோடு பழகுபவள். எழுதிப் படித்தால் யாரோ கண்ணாடியைப் பார்த்து "சக்தி" என்று சொல்வது போல இருக்கும், அழித்துவிடுவாள். இப்போது தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் எழுதினாள். முதல் கவுன்ட்டரின் நாற்காலி ஆறு அங்குலம் தாழ்வு. விளக்கு தலைக்கு மேல் இருக்கிறது, முன்னால் இருக்க வேண்டும். அங்கே கிட்டத்தட்ட எல்லோருமே மறுபடி படம் எடுக்கக் கேட்கிறார்கள், தலைக்கு நாலு நிமிஷம் வீணாகிறது. தொண்ணூறு வினாடியைவிட ஒரே தடவையில் சரியாக எடுப்பது வேகமானது. இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் வேண்டும்.

"நாலு இருபத்தஞ்சு," என்றார் ஆர்லிஸ், கோப்பிலிருந்து தலை நிமிராமல்.

"தெரியும்."

"எழுத்துப் பிழை பாத்தியா?"

"ஆர்லிஸ்!"

நாலு இருபத்தேழுக்கு மனு போனது. ஐந்து பெண்களும் கைதட்டவில்லை. ஓவர்டைக்கில் அரசாங்கக் கட்டடத்துக்குள் கைதட்டுவது வழக்கமில்லை. மரேனின் தங்கை மட்டும், "இப்பவாச்சும் என்னை எடுப்பீங்களா?" என்றாள். ஜோரி எடுத்தாள். மிட்டாய் இல்லாததால் கேள்வியை மட்டும் கேட்டாள். அந்தப் பெண் பதிலைப் படத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள், படம் சுமார்தான்.

அன்று சாயங்காலம் லைசென்ஸ் விஷயம் தானியக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை ஷெரிஃப் உதவியாளர் அவள் காருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "படம் எப்படி வந்திருக்கு, காட்டு" என்றார். காட்டினாள். அவர் பார்த்தார். "என் பொண்ணு அடுத்த மாசம் வருவா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலையில் பதவி ஜோரிக்குக் கிடைத்தது. ப்ரென்ட் வருத்தப்பட்டான், மூன்று நாள். பிறகு வரி கவுன்ட்டரில் எல்லோருக்கும் தொண்ணூறு வினாடி என்று ஆரம்பித்தான். வரி கட்டுகிறவர்களுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. மாவட்ட இணையப் பக்கத்தில் தலைவியின் படம் வேண்டும் என்றபோது ஜோரி அட்டையைத் தேடினாள். இப்போது அது பர்ஸில் முகம் தெரிய இருந்தது. மரேன்தான் அதைப் போனில் பிடித்து, முகத்தை மட்டும் வெட்டி, வட்டத்தில் பொருத்திக் கொடுத்தாள். நீலப் பின்னணி. சொல்லப்போகிற ஒரு பதில்.

ஆகவே கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்கு வேலை. எட்டாவது படம் எடுத்தது முதல் கவுன்ட்டர் என்பதால் வதந்தியையும் கொஞ்சம் திருத்த வேண்டும். திருத்தினார்கள். இப்போது முதல் கவுன்ட்டரிலும் நாலைந்து பேர் நிற்கிறார்கள். நாற்காலி ஆறு அங்குலம் உயர்ந்தது, விளக்கு முன்னால் வந்தது. கெரிட் 'சிரிக்காதீங்க'வை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒரு கேள்வி கண்டுபிடித்திருக்கிறார்: "உங்க வீட்டுல யாருக்கும் தெரியாம நீங்க சரிபண்ணி வெச்சது எது?" அது தன் கேள்வியைவிட நல்ல கேள்வி என்று ஜோரி நினைக்கிறாள். அவரிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

அந்த மிட்டாய் மட்டும் பாக்கி.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜோரி மூன்று சுருள் வாங்குகிறாள். வெள்ளிக்கிழமைக்குள் மூன்றும் கவுன்ட்டர் தாண்டிப் போய்விடுகின்றன. போன வெள்ளி ஆபீஸ் மூடும்போது கெரிட் தொப்பியை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா தலைவி. என் மிட்டாய்?"

"திங்கக்கிழமை தர்றேன் கெரிட்."

"போன திங்கக்கிழமையும் இதையேதான் சொன்ன."

"பஞ்சு ஒட்டினதுதான் வேணும்னா தேடணும்ல?"

கெரிட் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "ஒண்ணு குறையுது," என்றார். "நான் எண்ணித்தான் வெச்சிருக்கேன்."